கத்திச் சொல்ல முடியாத விஷயம்

என் கணவருக்குக் காது மந்தம் என்பது கல்கத்தா பவானிபூரில் எங்கள் சந்து முழுவதற்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. அவரைப் பொறுத்தவரை கோளாறெல்லாம் வங்காளிகளின் வாயில்தான். இவர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், ஒரு எழவும் புரியவில்லை என்பார். கிடர்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வங்காளத்தில் சண்டை போட்டு, வங்காளத்தில் லீவு கேட்டு, வங்காளத்திலேயே கெட்ட வார்த்தையும் பேசிக் காலம் தள்ளிய மனிதர், ரிட்டயர் ஆன பிறகு திடீரென்று அந்த மொழி தெரியாதவராகிவிட்டார். தெருக்காரர்களும் அதை நம்பினார்கள். பாவம், மதராஸி தாதாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, நம் பாஷை வராது என்று கையை ஆட்டிப் பேசினார்கள். வெளியூரில் பிழைக்க வந்தவர்களுக்கு இது ஒரு சௌகரியம். காது போனாலும் பழியைப் பாஷை மேல் போட்டுவிடலாம்.

பிறகு மதுரையிலிருந்து அவர் தங்கை போனில் பேசும் தமிழும் புரியாமல் போனது. அதற்கு டவர் சரியில்லை என்றார்.

பட்டறையில் காதை அடைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினார். இரும்பைத் தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் காதைப் பொத்திக்கொள்கிறவன் ஆம்பளையா என்று கேட்ட வீரர் அவர். அந்த வீரம் இப்போது எதிர் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து டிவியை அலற விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மதுரைத் தங்கை சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடச் சொன்னாள். கீழ் வீட்டு அண்ணி, தெருவுக்கே பௌதி, பூண்டு போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய்க் கிண்ணத்தோடு மாடியேறி வந்தாள். மாநிலம் மாறினால் எண்ணெய்தான் மாறுகிறது, முட்டாள்தனம் மாறுவதில்லை. இவர் இரண்டையும் விட்டுக்கொண்டார். அது போதாதென்று ஸ்கூட்டர் சாவியை விட்டுக் காதைக் குடைந்து, கண்ணை மூடிச் சொக்கிப்போவார். பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கும்.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் மகள் வந்துவிட்டாள்.

சென்னையில் கட்டிக்கொடுத்த மகள், ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். இனி அந்த வீட்டுக்குப் போவதில்லை என்றாள். காரணத்தை என்னிடம் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். அப்பாவிடம் தானே சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள், சொல்லவும் முடியவில்லை. எங்கள் வீட்டில் அவரிடம் எதைச் சொல்வதானாலும் கத்த வேண்டும். கத்தினால் அவருக்கு எட்டுவதற்கு முன்பு பௌதிக்கு எட்டிவிடும், பௌதிக்கு எட்டினால் பேட்டை முழுக்க, துர்கா பூஜைப் பந்தல் வரைக்கும் அதே பேச்சாக இருக்கும். எழுதிக் காட்டிவிடேன் என்றேன். "பெத்த அப்பாகிட்ட இதைச் சீட்டுல எழுதிக் காட்டணுமா?" என்றாள்.

அவரோ எதுவும் தெரியாமல், தினமும் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மாப்பிள்ளை எப்ப வர்றாரு?" என்று தெருவே கேட்கும்படி கேட்பார். தன் குரல் எவ்வளவு பெரிது என்பதும் அவருக்குத் தெரியாது. மகள் தலையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

காளிகாட் பக்கம் ஒரு காது டாக்டரிடம் அவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா காதுக்குள் பார்த்துவிட்டு, இங்கே என்ன சமையலா நடக்கிறது என்று கேட்டார். குடைந்து குடைந்து உள்ளே தள்ளிய அழுக்கை எண்ணெயோடு சேர்த்து எடுத்தார். செவிப்பறையில் ஓட்டை இருந்திருந்தால் இந்த எண்ணெயே சீழ் பிடிக்க வைத்திருக்கும் என்று திட்டினார். பிறகு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே இருந்து நான் பார்த்தேன். இவர் பொத்தானைப் பிடித்தபடி, பஸ் வருமா என்று பார்ப்பவர் மாதிரி வெறுமனே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், பரீட்சையை வங்காளத்தில் வைத்தால் எனக்கு எப்படிப் புரியும் என்று கேட்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அது வெறும் பீப் சத்தம்தான் தாதா, அதுக்கு பாஷை கிடையாது" என்று இந்தியில் சொன்னார். அதை அவர் முகத்துக்கு நேராக, நிதானமாகச் சொன்னதால் இவருக்கும் புரிந்துவிட்டது. பட்டறைச் சத்தத்தில் உள்காதின் நரம்பு தேய்ந்துவிட்டது, அது திரும்பி வளராது என்றார் டாக்டரம்மா. லாரி ஹாரன் கேட்கும், பேச்சில் சில எழுத்துகள் மட்டும் தெளிவாக விழாது. அப்படிப்பட்டவரிடம் கத்துவதில் பிரயோஜனமில்லை, கருவி மாட்டிவிட்டு முகத்துக்கு நேராக நிதானமாகப் பேச வேண்டும் என்றும் என்னிடம் தனியாகச் சொன்னார்.

காதுக் கருவி வந்தது. முதல் வாரம் பூரா புலம்பல். தட்டு வைக்கிற சத்தம் மண்டையில் இடிக்கிறது, ஃபேன் இரைகிறது, நான் நடந்தால்கூடச் செருப்புச் சத்தம் தாங்கவில்லையாம். கழற்றிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். நான் எடுத்து எடுத்து மாட்டினேன். பழகப் பழகத்தான் மூளை பிடித்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் மூளை எதையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் பால்கனியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்று கேட்டார். அன்றைக்குக் கேட்டது தாழ்ந்த குரலில். தன் குரல் தன் காதில் விழ ஆரம்பித்திருக்கிறது போல.

மகள் பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்து, "அப்பா, நான் வந்து..." என்று கத்தத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். கீழே பௌதி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அவர் நாற்காலியை நகர்த்தி, அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"கத்தாதம்மா. இத்தனை வருஷமா எங்கிட்ட நீங்க கத்திச் சொன்னதெல்லாம் சாப்பாடும் மாத்திரையும்தான். இதை மெதுவாவே சொல்லு."

அவள் சொன்னாள். வெகு நேரம் சொன்னாள். நான் நாலடி தள்ளி அடுக்களை வாசலில்தான் நின்றிருந்தேன். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.