பதினோராம் கேள்வி

சிறு பிள்ளைகளின் சுகாதார அறிவை அளக்க இருபது கேள்விகள் போதும் என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களை ஒருநாள் கலஹா பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டிப்போக வேண்டும். நான் அப்படித்தான் போனேன். வினாத்தாள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏன்தான் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேனோ என்று வழிநெடுக என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் தரம். கை கழுவுவது, பல் துலக்குவது, நுளம்பு பெருகும் இடம் எல்லாவற்றிலும் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். பதினோராம் கேள்வியில் ஒரு மருந்து உறையின் படம். இங்கே உறையில் சிங்களத்தில்தான் எழுதிக் கொடுப்பார்கள் என்பதால் படத்திலும் சிங்களமே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொடுக்க வேண்டும் என்று பார்த்து எழுத வேண்டும். இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய காரியமில்லை.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அதை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். மற்ற பத்தொன்பதும் சரி. போன வருஷம் சிங்களத்தில் முதலாவதாக வந்தவளாம், பக்கத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என்ன சோம்பேறித்தனம் இது என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும். அவள் தலை குனிந்துகொண்டாள், பென்சிலைத் தொடவேயில்லை.

இடைவேளையில் வகுப்பு டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவளுடைய மூன்று வயதுத் தங்கச்சி காய்ச்சலில் இறந்து நாலு மாதம்தான் ஆகிறது. வீட்டில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்தி. அம்மா விடிந்ததும் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் அப்படியே கொழுந்தெடுக்க மலை ஏறிவிட, உறையைப் பார்த்து மருந்து கொடுத்தவள் இவள்தான். சாவு வீட்டில் ஒரு அத்தை, சின்னப் பிள்ளையை வாசிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டாள். செத்த பிள்ளையின் துணிமணிகளோடு அந்த உறையும் குழிக்குள் போனது. அதற்குப் பிறகு இவள் சிங்களப் புத்தகத்தைத் திறப்பதே இல்லையாம்.

அவளிடம் போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்த உறையில் என்ன எழுதியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னாள்.

"காலையில ஒரு கரண்டி, பகலைக்கு ஒரு கரண்டி, ராவைக்கு ஒரு கரண்டி. சாப்பிட்ட பொறகு. அப்பிடியேதான் குடுத்தேன் டீச்சர்."

மூன்று வயதில் என் மகனுக்கும் காய்ச்சல் மருந்து அதே அளவுதான் கொடுத்திருக்கிறேன். கடவுளே, நாலு மாதமாக இதை ஒருவரும் இந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லையா? எனக்கு நெஞ்சு லேசானது. பெரிய பாரத்தை இறக்கி வைக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

"நீ சரியாத்தாம்மா வாசிச்சிருக்க. ஒரு எழுத்துக்கூடப் பிழையில்ல. ஒன்னால ஒண்ணும் ஆகல."

இப்போது அழுவாள், அழுது முடித்தால் கொஞ்சம் தெளிவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் வாசிச்சேன்னா, தங்கச்சி ஏன் டீச்சர் செத்துச்சு?"

அந்தச் சின்ன வாங்குப் பலகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் அழுதேன்.