உயிரோடு இருப்பவர்களின் பக்கம்

இம்மாகுலேற் அக்கா தன் கணவர் செத்த செய்தியைச் சுவரில்தான் படித்தார். 2011 பெப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. லா சப்பல் மெற்றோவால் இறங்கி வேலைக்கு வருகிற வழியில், எங்கள் ஆட்கள் மரண அறிவித்தல் ஒட்டுகிற சுவரில், றொஜரின் படம் இருந்தது. கலியாணப் படத்தில் அவரை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் அக்காவின் கூறைச் சேலைக் கரை கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

நான் மேரிறோஸ். அதே உணவகத்தின் குசினியில் ரோல்ஸ் சுற்றுகிறவள். வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள், அதனால் இந்தக் கதையைச் சொல்ல நான்தான் பொருத்தம். அன்றைக்கு அக்கா உள்ளே வந்தார், வெங்காயம் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். யாரையோ குத்தப் போகிறார் என்று பயந்து மாப் படிந்த கையோடு பின்னால் ஓடினேன். அவர் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தெரு முழுக்கப் பதினெட்டுக் கடதாசி. பதினேழைச் சுரண்டி விழுத்தினார். பதினெட்டாவது ஒரு பலசரக்குக் கடையின் கண்ணாடிக்கு உட்பக்கமாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்ட முடியவில்லை.

அந்தக் கடை அருட்பிரகாசத்தினுடையது. றொஜரின் சொந்த அண்ணன். கடதாசி அடித்ததும் அவர்தான்.

அக்கா மன்னாரிலிருந்து 2007இல் கணவருக்கு முன்னால் தனியாக வந்தவர். இங்கே கார்த், அதுதான் பிரெஞ்சு வதிவிட அட்டை, கிடைத்ததும் கணவரைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. றொஜர் வன்னியில் மாட்டுப்பட்டுப் போனார். 2009 மாசியில் கடைசியாகப் போன் எடுத்து, "சண்டை முடியட்டும், வாறன்" என்றார். சண்டை வைகாசியில் முடிந்தது, அவர் வரவில்லை. ஆனால் ஆனி மாதம் ஒரு முகாமில் தண்ணீர் வரிசையில் றொஜரைக் கண்டதாக ஊர்க்காரி ஒருத்தி சொன்னாள். இடது காலை இழுத்து நடந்தாராம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா சாப்பிட்டார், படுத்தார், வேலைக்கு வந்தார்.

அண்ணனுக்கோ தாய்வழிக் காணியைத் தன் பெயருக்கு எழுத வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு சகோதரரும் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது ஒருவர் செத்திருக்க வேண்டும். தம்பி செல் குண்டு விழுந்து செத்ததைக் கண்டவர்கள் தன்னிடம் சொன்னார்கள் என்றும், மனைவியோடு தொடர்பில்லை என்றும் எழுதிக் கையெழுத்து வைத்து, மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டார். தொடர்பில்லையாம். அவருடைய கடைக்கும் எங்கள் குசினிக்கும் நடுவில் ஒரு றோட்டுத்தான் இருக்கிறது, அறுவான்.

சான்றிதழ் வந்ததும் ஊர் வாயை மூடப் பூசை, அறிவித்தல், முப்பத்தொராம் நாளுக்கு மண்டபம் எடுத்து ஆட்டிறைச்சியோடு சாப்பாடு. லா சப்பலில் பாதிப்பேர் போய்க் கை நனைத்தார்கள். அக்கா போகவில்லை. "பாவம், அவவுக்கு மூளை தட்டிப்போட்டுது" என்று அருட்பிரகாசம் எல்லோருக்கும் சொன்னார். தமிழ்ப் பூசையில் 'இறந்த சகோதரர் றொஜருக்காக' என்று வாசித்த நாளோடு அக்கா கோயிலுக்குப் போவதையும் விட்டார்.

அந்தத் தவக்காலத்தில்தான் கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு கன்னியாஸ்திரி எங்கள் உணவகத்துக்குள் வந்தார். உயரமான மனுஷி, சப்பாத்தெல்லாம் சேறு. பால், நெய், முட்டை, மீன் ஒன்றும் இல்லாமல் என்ன இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டார். முதலாளி தலையைச் சொறிந்தார். அக்கா உள்ளேயிருந்து ஒரு தட்டு சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் கொண்டுவந்து வைத்தார். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இதை எனக்குக் கற்றுத் தர முடியுமா? எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரு வாரமாக உருளைக்கிழங்கு மட்டும் தின்கிறோம்" என்றார்.

அவர் பெயர் மேர் மக்ரீனா. மேர் என்றால் தாய், மடத்துத் தலைவியை அப்படித்தான் கூப்பிட வேண்டும். ருமேனியாக்காரி, ஓர்த்தோடொக்ஸ் சபை. இரண்டு சகோதரிகளோடு அதற்கு முந்தின வருஷம் வைகாசியில் வந்து, கூசேன்வில் தாண்டி வயலுக்கு நடுவில் கைவிட்டுக் கிடந்த ஒரு பீற்றூட் பண்ணையில் மடம் தொடங்கியிருந்தார். அவர்களுடைய ஆயர் ஒரு தாளில் ஆசீர்வாதம் எழுதிக் கொடுத்தாராம். வேறொன்றும் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை எங்கள் உணவகம் பூட்டு. அக்கா டி தடத்து ரயில் ஏறிக் கூசேன்வில்லில் இறங்கி முக்கால் மணித்தியாலம் நடந்து போனார். பிறகு ஒவ்வொரு திங்களும் போனார். நானும் சில நாள் போயிருக்கிறேன். முதலில் பார்த்தபோது இதுவும் ஒரு மடமோ என்று சிரித்தேன். ஆட்டுத் தொழுவம்தான் கோயில். பழைய கதவொன்றைக் கழற்றி இரண்டு பீப்பாய்க்கு மேல் வைத்திருந்தார்கள், அதுதான் பீடம். மணி இல்லை, ஒரு நீட்டுப் பலகையைத் தோளில் வைத்து மரச் சுத்தியலால் தட்டித்தான் செபத்துக்குக் கூப்பிடுவார்கள். றொய்சி விமான நிலையத்திலிருந்து ஏறுகிற விமானம் தலைக்கு மேலால் போகும்போது மேர் வாசிப்பதை நிறுத்துவார், சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அக்கா அவர்களோடு சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார், கூரை ஓடு கைமாற்றினார், பருப்புக் காய்ச்சக் கற்றுக் கொடுத்தார்.

பங்குனி கடைசியில் மேர் ஒரு தடித்த கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். வேற்றுச் சபை ஆட்களின் பெயரைத் தங்கள் பூசைக்குள் வாசிப்பதில்லையாம். ஆனால் இந்த மடத்தைக் கட்டக் கை கொடுத்தவர்களுக்கென்று ஒரு தனிக் கொப்பி உண்டு. அவர்கள் கொடுக்கிற பெயர்களை ஒவ்வொரு பின்னேரமும், மடம் நிற்கும் காலம் வரை வாசிப்பார்கள். இடது பக்கம் உயிரோடு இருப்பவர்கள், அதன் முடிவில் 'நீண்ட ஆயுள்' என்று பாடுவார்கள். வலது பக்கம் இறந்தவர்கள், அதற்கு 'நித்திய நினைவு'.

அக்கா இடது பக்கத்தில் 'றொஜர்' என்று எழுதினார். பிறகு வலது பக்கத்துக்குப் போய், பிரெஞ்சு எழுத்தில் 'அருட்பிரகாசம்' என்று எழுதினார்.

"இது யார்?" என்றார் மேர்.

"என் கணவரின் அண்ணன்."

"எப்போது இறந்தார்?"

"இந்த பெப்ரவரியில்."

மேர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று வயிறு நோகச் சிரித்தேன். சரியென்றுதான் அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். உயிரோடு இருக்கிறவனைச் சுவரில் ஒட்டினால், ஒட்டினவனும் கொஞ்சம் செத்துப் பார்க்க வேண்டாமோ?

அன்றிலிருந்து அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. செவ்வாய்க் காலையில் வேலைக்கு வரும்போது அருட்பிரகாசத்தின் கடை வாசலில் நின்று, "சுகமோ அண்ணை?" என்று கேட்பார். தன்னோடு கோபம் தீர்ந்துவிட்டதாக அந்த மனுஷன் நினைத்தார். "ஓம் பிள்ளை, கர்த்தர் காப்பாத்துறார்" என்பார். அந்தக் கோடையில் அவருக்கு முதன்முதல் நெஞ்சு குத்தியது. அடுத்த வருஷம் இரத்தக் குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்தார்கள். அக்கா அதைக் கேட்டுச் சந்தோஷப்படவுமில்லை, கவலைப்படவுமில்லை. "வாசிக்கினம்" என்று மட்டும் சொன்னார்.

2015 புரட்டாதியில் தொழுவம் முழுக் கோயிலாகி, ஆயர் வந்து அபிஷேகம் செய்கிற நாள் வந்தது. இருநூறு பேருக்குச் சமையல், அக்கா பொறுப்பு. மடத்துக்குப் பருப்பும் அரிசியும் வழக்கமாக அருட்பிரகாசத்தின் கடையிலிருந்துதான் போகும். மடத்தில் அவரை எல்லோரும் கடைப் பெயரால்தான் அறிவார்கள். அன்றைய சாப்பாட்டுக்கு அவர் எட்டு மூட்டை அரிசி சும்மா அனுப்பினார். சும்மா என்றால் சும்மா இல்லை, ஆயருக்கு முன்னால், மடத்தைக் கட்டக் கை கொடுத்தவர்களின் பெயர் வாசிக்கப்படும் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். மனுஷனுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. கோட்டுப் போட்டு, தன்னுடைய செபக்கூட்ட ஆட்கள் பன்னிரண்டு பேரையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்திறங்கினார்.

பூசை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நின்றோம். ஒரு மேசையில் பெரிய தாம்பாளம், அவித்த கோதுமைக்குச் சீனியும் வாதுமைப் பருப்பும் கறுவாவும் போட்டுக் கிண்டியது. செத்தவர்களுக்காகச் செய்வது. முதல் நாளே அக்கா தன் கையால் செய்தார். மேர் கொப்பியை விரித்து இடது பக்கம் வாசிக்கத் தொடங்கினார். அருட்பிரகாசம் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். 'றொஜர்' என்று கேட்டதும் நின்றார். அந்தப் பக்கம் முடிந்தது, அவர் பெயர் வரவில்லை.

மேர் வலது பக்கம் தொடங்கினார். நான்கைந்து ருமேனியப் பெயர்கள். விமானம் ஒன்று தாழப் போனது. மேர் நிறுத்தினார். சத்தம் அடங்க, இருநூறு பேரும் வாய் மூடி நிற்க, அடுத்த பெயரை உரத்து வாசித்தார்.

"அருட்பிரகாசம்."

பன்னிரண்டு பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. 'நித்திய நினைவு' என்று எல்லோரும் பாட, அக்கா ஒரு கிண்ணத்தில் அந்தக் கோதுமையை அள்ளிக்கொண்டு நேரே அவரிடம் போனார். நானும் பின்னால் போனேன், விடுவேனா.

"பிடியுங்கோ அண்ணை. உங்கடை முப்பத்தொண்டுக்கு."

"என்ன வேலை பிள்ளை இது? எப்ப எழுதினனி?"

"நாலரை வருசம். ஒவ்வொரு நாளும் வாசிக்கினம். நீங்கள் என்ரை மனிசனை ஒரு தரம்தான் சுவரிலை ஒட்டினியள். நான் உங்களை ஒவ்வொரு பின்னேரமும் புதைக்கிறன்."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாலரை வருஷத்தையும் கம்பிச்சுருளையும் மனதுக்குள் முடிச்சுப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "அழிக்கச் சொல்லு. நான் போய் அவவிட்டைச் சொல்லுறன்" என்று மேரைப் பார்த்தார்.

"போய்ச் சொல்லுங்கோ. ஏன் எழுதினன் எண்டு நான் ஆயருக்குச் சொல்லுறன். சான்றிதழையும் சொல்லுறன்."

"அப்ப என்னடியம்மா வேணும் உனக்கு?"

"நீங்கள் கூட்டி வந்த சனத்துக்குத் தமிழிலை சொல்லுங்கோ. றொஜர் செத்தாரோ இல்லையோ எண்டு உங்களுக்குத் தெரியாதெண்டு."

அவர் தன் ஆட்களைப் பார்த்தார், அவர்கள் அவரைப் பார்த்தார்கள். கடைசியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தம்பி செத்ததை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. காணிக்காக நான் எழுதினனான். அவன் இருக்கிறானோ இல்லையோ எனக்குத் தெரியாது."

அக்கா ஒரு சொல்லும் மிச்சம் விடாமல் கேட்டார். பிறகு நேராக மேரிடம் போய், "அவர் உயிரோடு இருக்கிறார், நான் பொய் சொன்னேன்" என்றார். மேருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. "நாலரை வருஷம் என் வாயால் ஒரு மனிதனைப் புதைக்க வைத்தாய். நாற்பது நாள் இந்த வாசலை மிதிக்காதே" என்றார். வலது பக்கப் பெயரை வெட்டினார். இடது பக்கத்தில் றொஜருக்குக் கீழே ஒரு வரி இடமிருந்தது, அங்கே அதை எழுதினார். நாற்பத்தொராம் நாள் அக்கா பருப்போடு போனார். மேர் கதவைத் திறந்து வழி விட்டார்.

சான்றிதழ் மட்டும் சான்றிதழாகவே இருந்தது. காணி விற்றாகிவிட்டது. றொஜரைப் பற்றி ஒரு அசுமாத்தமும் இல்லை.

2019 கார்த்திகையில் அருட்பிரகாசம் உண்மையாகவே செத்தார். அதே சுவரில் அறிவித்தல். அக்கா நின்று மேலிருந்து கீழ்வரை வாசித்தார், தம்பி றொஜரைக் 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்த வரியையும் வாசித்தார். கத்தி எடுக்க வரவில்லை. உள்ளே வந்து ஏப்ரன் கட்டினார்.

அடுத்த திங்கள் நானும் அவரோடு மடத்துக்குப் போனேன். குசினி மேசையில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். மேர் வந்து குந்தினார்.

"இம்மாகுலேற், உன் கணவரின் அண்ணனுக்கு நெஞ்சு வருத்தம் என்றாயே. இப்போது எப்படி இருக்கிறார்?"

அக்கா ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். "சுகமாக இருக்கிறார், மேர்."

என் வாய் நீளமென்று சொன்னேன் அல்லவா. அங்கே நான் அதைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது, ரயிலில், கார்ஜ் நிலையம் வருவதற்கு முன் கேட்டேன். "ஏனக்கா? செத்த மனிசன். ஒரு செபமாவது சொல்லட்டுமன்."

"றொஜருக்கு எந்தப் பக்கமெண்டு எனக்கு ஆராவது சொல்லட்டும், மேரிறோஸ். அதுவரைக்கும் இவர் செத்தவையின்ரை பக்கம் போகேலாது. தம்பியோடை சேர்ந்து அங்கையே நிக்கட்டும்."

இப்போதும் அந்த மடத்தில் ஒவ்வொரு பின்னேரமும் பலகை தட்டி, கொப்பியை விரித்து, இரண்டு பேரின் பெயரையும் அடுத்தடுத்து வாசிக்கிறார்கள். றொஜர். அருட்பிரகாசம். பிறகு மூன்று தரம், இருவருக்கும் நீண்ட ஆயுள் கேட்டுப் பாடுகிறார்கள்.