ப்ளக் பிடுங்கிய டிவியில் வந்தவள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. நீங்களும் நம்பவேண்டாம், சிரித்துக்கொண்டே கேளுங்கள் போதும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம், கரமனையில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அப்பா டிவியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகி பேன்ட் போட்டுக்கொண்டு ஜீப் ஓட்டுகிறாள், ரௌடிகளை அடிக்கிறாள், அப்பா கைதட்டுகிறார். நான் பைக் எடுத்தால் மட்டும் தெருவில் என்ன சொல்வார்கள் என்பார். படத்தில் அவளைப் பெண் பார்க்க வருகிற கட்டம் வந்தபோது இடி இடித்தது. எங்கள் ஊர் இடிக்கு டிவி கருகிப்போகும் என்று அம்மா ஓடிவந்து ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டாள். அது தரையில் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே, எங்கள் பக்கத்து மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்: "பைக்கெல்லாம் நம்மாத்துக்குச் சரிப்படாது, கேட்டோ. வேலையையும் விட்டுடட்டும். இப்போ ஒரு பாட்டு பாடு, கேப்போம்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா தலையாட்டிவிட்டாள். நாய் படாத பாடு பட்டு வாங்கிய வேலை அது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தால் மறுக்க மனம் வரவில்லை. பாடிவிட்டால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தொண்டையைச் செருமினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், டிவியில் படம் வந்தது. அந்தக் கதாநாயகி நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, எங்கள் கூடத்தைப் பார்த்து, "முதலில் மாப்பிள்ளை பாடட்டும். குரல் பிடித்தால் யோசிக்கலாம்" என்றாள். அவ்வளவுதான், அணைந்துவிட்டது.

மாப்பிள்ளை டிவியைப் பார்த்துக் கைகூப்பிப் பாடவே ஆரம்பித்துவிட்டார். பாவம், அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது மங்களம். எங்கள் அக்ரகாரத் தெருக்களில் பஜனையோ கச்சேரியோ, மங்களம் பாடிவிட்டால் எல்லாம் முடிந்தது, எழுந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பழக்கதோஷத்தில் எல்லோரும் எழுந்தார்கள். அந்த மாமி கையில் பஜ்ஜியோடு செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் தாண்டிய பிறகு திரும்பி வர யாருக்கு முகம் இருக்கும்? மங்களம் பாடின இடத்தில் மேற்கொண்டு பேசுவது நல்லதில்லை என்று மறுநாள் போனில் சொல்லிவிட்டார்கள். வேலை தப்பியது, பைக்கும் தப்பியது.

பிறகு நானும் அப்பாவும் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்து முழுசாகப் பார்த்தோம். அப்படி ஒரு வசனமே அதில் இல்லை. பெண் பார்க்கும் கட்டத்தில் அவள் தலைகுனிந்து பாடுகிறாள். கடைசியில் ஜீப்பை விட்டுவிட்டு, மடிசார் கட்டி, புருஷன் காலில் விழுகிறாள். எத்தனை தடவை போட்டாலும் அதேதான்.

ஆனால் விழுவதற்கு முன்னால் ஒரு நொடி அப்படியே நிற்கிறாள். போன வாரம் பார்த்தபோது இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள். அப்பாதான் முதலில் கேட்டார், "போன தடவை இவ இத்தனை நேரம் நிக்கலையே?" என்று.