அண்ணன் பூசிய நீலம்

அட்டைக்காரி ஓவியர் சங்கத்தை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. அவள் படத்துக்கு முதல் பரிசு அறிவித்த அதே நாள்.

கணினிக்குக் கட்டளை கொடுக்கும் துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்துகொண்டு வானிலை அலுவலகத்துக்குப் போவாள், அதனால் சங்கத்தார் வைத்த பெயர் அது. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் தூரிகை பிடித்தவள். யோசிக்கும் முன்பே அழகாக வரைந்து தள்ளும் தன் கையின் மேலேயே அவளுக்கு எரிச்சல். ஞாயிறுகளில் அங்கே கணினி சும்மா கிடக்கும். நானூறு அட்டைகளில் கணக்குப் போட்டு, அதோடு இணைத்திருந்த பேனாவைத் தாளில் நாற்பது கோடுகள் இழுக்க வைத்தாள். ஓர் அட்டை இடம் மாறியதில் ஏழாவது கோடு மற்றவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது. திருத்தவில்லை. அவள் கைக்குக் கனவிலும் வராத கோடு அது.

சங்கத்தின் செயலாளர் அவளுடைய அண்ணன். அவள் போட்டிக்குக் கொடுத்த அந்தப் படத்தின் மேல், நடுவர்கள் பார்க்கும் முன், எண்ணெய் வண்ணத்தில் நீலம் பூசி, ஏழாவது கோட்டை மேகமாக்கிவிட்டார்.

"யாரைக் கேட்டுப் பூசினே?"

"மெதுவாப் பேசும்மா. மெஷின் போட்டதுன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. இப்ப பாரு, முதல் பரிசு!"

"பரிசு உன் மேகத்துக்கு. நீயே போய் வாங்கிக்க."

பொருளாளர் இடையில் புகுந்தார். "விட்டா அந்த மெஷினையே உறுப்பினராச் சேர்க்கச் சொல்லுவே போலிருக்கே!"

"சேர்த்துக்கங்க சார். அதுவாவது வாயை மூடிட்டு வேலை செய்யும்."

படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டில் தன் பெயரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். படத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

திரும்பவும் அச்செடுக்கலாம் என்ற தைரியம்தான். மறுவாரம் வானிலை அலுவலகத்துக்குப் போனால், அங்கே வைத்திருந்த அட்டைகளைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டிருந்தார்கள். அண்ணனின் நீலத்துக்கு அடியில் கிடப்பதுதான் மிச்சம். அவர் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். ஏழெட்டு இயந்திரங்கள் மாறினாள், ஆயிரம் படங்கள் போட்டாள். கேலி பேசியவர்களே வந்து பாடம் கேட்டார்கள், சொல்லியும் கொடுத்தாள். ஆத்திரம் மட்டும் ஆறவில்லை. எந்த அட்டை எங்கே மாறியதென்று தெரியாததால் அந்தக் கோடு திரும்ப வரவேயில்லை.

முப்பத்தோரு வருடம் கழித்து, அவள் கைபேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. கீழே எழுதியிருந்தது:

"மூணு மாசமாப் பஞ்சை வண்ணம் கரைக்கற தைலத்துல நனைச்சு என் நீலத்தைத் துடைச்சேன். ஏழாவது கோடு வந்துடுச்சு. மன்னிப்புக் கேக்கலை, நீ தரவும் மாட்டே. சீட்டுல உன் பேரை எழுதட்டுமா? இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் செய்வேன். அண்ணன்."