பச்சை மூடி போட்ட டயர்கள்

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைத் தமிழர்கள் சோதனைச் சாவடியில் யார் கண்ணிலும் படாதபடிதான் காரை வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் எங்கள் பழைய காரின் நான்கு டயர்களின் வால்வுக்கும் பளிச்சென்ற பச்சை மூடி போட்டுக்கொண்டு திரிந்தார். உள்ளே இருப்பது சாதாரணக் காற்றல்ல, நைட்ரஜன் என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

தெகிவளையில் ஒரு டயர் கடைக்காரர் ஏற்றிவிட்ட ஆசை அது. நைட்ரஜன் அடித்தால் டயர் சூடாகாது, சீக்கிரம் இறங்காது, பெற்றோலும் மிச்சம் என்று அவர் சொன்னதை இவர் தேவாரம் போலப் பாடமாக்கிக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீர் ஆறுவதற்குள் பேச்சு டயருக்கு வந்துவிடும். ஒருநாள் சாவடியில், கண்ணாடியை நீட்டிக் காரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்த சிப்பாய்க்கே அரைகுறைச் சிங்களத்தில் விளக்கம் கொடுத்தார். எனக்கு உயிர் போய் வந்தது. சிப்பாய் கொட்டாவி விட்டுக்கொண்டு போகச் சொன்னான்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட ஒரே ஆள் என் அக்கா. அத்தான் கனடாவுக்குப் போனபின், விசா வரும்வரை என்று எங்கள் ஃபிளாட்டில் வந்து தங்கியவர். அந்த 'வரும்வரை' ஐந்து வருஷமாக நீண்டுவிட்டது. இத்தனைக்கும் அக்கா, ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் ரியூஷன் கொடுப்பவர். இவர் நைட்ரஜன் பாடம் நடத்தும்போது, "அப்பிடியோ தம்பி? நல்லதுதான்" என்பார். எங்கள் குடும்பத்தில் வீட்டு மாப்பிள்ளையை மறுத்துப் பேசும் வழக்கம் இல்லை. ரசத்தைக் காட்டிப் பாயாசம் என்றாலும் கிண்ணத்தை நீட்டுவோம்.

ஒருவழியாக விசா வந்தது. வந்த கையோடு காலாவதியாகவும் பார்த்தது. கிடைத்த ஒரே டிக்கெட்டில் ஏறாவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இரவு விமானத்துக்கு மத்தியானமே புறப்பட்டோம். எந்தச் சாவடியில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள், எந்த வீதியை எப்போது மூடுவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம்.

சாவடிகளில் நின்று நின்று, நகர எல்லையிலுள்ள பேலியகொடைக்கு வந்தபோது கார் இடப்பக்கம் இழுத்தது. முன் டயர் பாதி இறங்கியிருந்தது. ஸ்பெயார் சக்கரத்தை மாற்றலாம் என்றால், நைட்ரஜன் அடிக்கும்வரை அதற்குச் சும்மா காற்று எதற்கு என்று இவர் அதை வெறுமையாகவே வைத்திருந்தார். இப்படி ஒரு புத்திசாலியை எங்கே தேடுவது!

உருட்டிக்கொண்டு பக்கத்துப் பெற்றோல் செட்டுக்குப் போனோம். அங்கே நின்றவர் குழாயை இழுத்து வந்து, காற்று அடிக்கவா என்று கேட்டார். "ஹுளங் கஹன்னத, மாத்தயா?"

"எப்பா, எப்பா!" வேண்டாம் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு இவர் டயரை மறித்து நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "இதுக்குள்ளை சும்மா காத்துக் கலந்தால் எல்லாம் பழுது. தெகிவளைக்குத் திரும்பிப் போய் அடிச்சுக்கொண்டு வருவம்."

"இஞ்சாருங்கோ, விசர்க் கதை கதையாதேங்கோ. அக்கான்ரை பிளைட் என்னாகிறது?"

"நேரம் கிடக்கு."

கடந்து வந்த சாவடிகளையெல்லாம் நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பின் கதவு திறந்தது. பாஸ்போர்ட் இருந்த கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா இறங்கினார். ரியூஷன் வகுப்பில் பேசும் குரல் அன்று எங்கள் பக்கம் திரும்பியது.

"தம்பி, நாங்கள் மூச்சு விடுற காத்திலையே ஐஞ்சிலை நாலு பங்கு நைதரசன்தான். இவர் அடிக்கப்போறதும் அதுதான். கலந்தால் டயருக்கு ஒண்டும் ஆகாது. தள்ளி நில்லுங்கோ."

இவர் தள்ளி நின்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் காணாத காட்சி. "கஹன்ன மல்லி" என்று, காற்றை அடிக்கும்படி அக்காவே குழாய்க்காரரிடம் சொன்னார். காற்று ஏறி முடிந்ததும் இவர் அந்த டயரின் பச்சை மூடியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நைட்ரஜன் இல்லாத டயருக்குப் பச்சை மூடி போடுவது பொய்யாம்.

கட்டுநாயக்கவுக்கு வந்து சேர்ந்தோம். விமான நிலையத்துக்குள் வெளியார் கார் போக விடமாட்டார்கள். வெளிவாசலில் இறங்கி, பெட்டிகளை உள்ளே போகும் பஸ்ஸில் ஏற்றினோம். நேரத்துக்குத்தான் வந்திருந்தோம். பஸ் கிளம்புமுன் இவர் அக்காவிடம் திரும்பினார்.

"அக்கா, உங்களுக்கு முதலிலையிருந்தே தெரியும், என்ன?"

"ஓம், தம்பி."

"பிறகேன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"உங்கடை வீட்டிலை இருந்துகொண்டு உங்களுக்குப் பிழை சொல்லுறதோ?" அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

திரும்பும் வழியெல்லாம் இவரைக் கேலி செய்வதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அக்கா உங்கடை வீடு என்றாரே, அதுதான் குத்திக்கொண்டிருந்தது. நான் அதை அக்காவின் வீடு என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளவத்தை கிட்டும்போது இவர் மெதுவாகக் கேட்டார். "உம்மடை சமையலைப் பற்றியும் அவ ஒருநாளும் குறை சொன்னதில்லை, என்ன?"

"இல்லை" என்றேன். ஐந்து வருஷமும் நான் என்ன சமைத்து வைத்தாலும், நல்லாயிருக்கு என்றுதான் சொல்லுவார். இவருடைய நைட்ரஜனுக்குத் தலையாட்டிய அதே குரலில்.