பறவைக்கு வந்த மெட்டு

எழுபதுகளின் கடைசியில் நான் கஞ்சிக்கோட்டில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் வேலையில் இருந்தார். அந்த இரைச்சலில் அவருக்குக் காது அடியோடு போய்விட்டது. நெடிய உடம்பு, நரைத்த புருவம். யார் பேசினாலும் அவர்கள் உதட்டையே பார்ப்பார்.

அமெரிக்காவிலிருந்து வந்த அவருடைய தம்பி ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு சின்ன டி.வி. பெட்டியையும் அவரிடம் விட்டுப் போயிருந்தார். வேலை முடிந்து வந்ததும், இரண்டையும் இணைத்துக்கொண்டு ஏதாவது புரோகிராம் எழுத உட்கார்ந்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, கொஞ்சம் ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க."

திரையில் வெள்ளைப் புள்ளிகளாலான ஒரு பறவை சிறகடித்தது. கூடவே கீச்சென்று ஒரு மெட்டு வந்தது. அவர் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"றெக்க அடிக்கறப்பவே சத்தம் வருதுங்களா?"

"கொஞ்சம் பிந்தி வருதுங்க."

ஏதோ எண்களை மாற்றித் தட்டினார். இப்போது இரண்டும் சேர்ந்து வந்தன.

"இது எந்தப் பாட்டுங்க?" என்று கேட்டேன்.

"பாட்டெல்லாம் இல்லீங்க. காது போனதுலயிருந்து உள்ளுக்குள்ள ஓடிட்டே இருக்குது. வெளிய கேக்கறதுக்கு எப்படி இருக்குதுங்க? சந்தோசமா, துக்கமா?"

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். சிரிப்பும் வந்தது, ஏனோ துக்கமாகவும் இருந்தது.

"சொல்லத் தெரியலைங்க."

"எனக்கும் தெரியலீங்க. அப்ப அதேதான்!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அவருக்குள் ஓடியதைத்தான் நான் கேட்டேனா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.