ஆறு இலக்கம்

ஆவணி 9: என் மனைவி காலமானாள். ஆவணி 10: அவளுடைய கைபேசியை, அவள் முன்பே பதிந்து வைத்திருந்த என் விரல் ரேகையால் திறந்து, அதிலிருந்த அவள் குரல் பதிவொன்றைக் கேட்டேன். ஆவணி 11: மென்பொருளைப் புதுப்பிக்கும்படி நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது, சம்மதித்தேன். கைபேசி அணைந்து மீண்டும் எழுந்தபோது விரலை ஏற்காமல் ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. அந்த எண் அவளுக்கு மட்டுமே தெரியும்.

காரைக்குடிப் பேருந்து நிலையத்தருகே கைபேசி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடி. பழுதுபார்க்க வாங்கும் ஒவ்வொரு கைபேசியின் முதுகிலும் வெள்ளை டேப் ஒட்டி, உரியவர் பெயரையும் திறக்கும் எண்ணையும் எழுதிவைப்பது அவர் பழக்கம். என் பெயரை எழுதிவிட்டுப் பேனாவோடு நிமிர்ந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“ஏங்கய்யா அப்டேட்டப் போட்டீக?”

“பாதுகாப்புக்கு என்று இருந்தது.”

“பாதுகாப்புத்தான். திருடனும் புருசனும் அதுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் அழிச்சாத்தான் தெறக்கலாம். போனு கெடைக்கும், ஒங்க வீட்டு ஆச்சி கொரலு கெடைக்காது.”

“அப்படியானால் அழித்துவிடுங்கள்” என்றேன்.

அவர் பேனாவை மூடினார். “அழிக்கிறேன். ஆனா இன்னைக்குச் சொல்லாதீக. இன்னொரு நா வந்து சொல்லுங்க.”

நாள் முழுதும் அந்நியர்களின் கைபேசிகளைத் திறப்பவர், என் முகத்தில் எதைக் கண்டு அப்படிச் சொன்னார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இன்னும் செய்யாதவை:

அவரிடம் போய்ச் சொல்வது.

அவளுடைய சிம் கார்டை ரத்து செய்வது.

அந்தக் குரல் பதிவை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும் மகளிடம், நான் செய்ததைச் சொல்வது.